அனீசியோ பிடித்த கடைசி ஈ

குரிச்சிபா,
4 அக்டோபர் 1984

அன்புள்ள டல்வீனா அண்ணிக்கு,

அண்ணன் இறந்த செய்தி எனக்குக் கிடைத்தபோது நீங்கள் எல்லாக் காரியங்களையும் முடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. செய்தி கிடைத்த பிறகாவது நான் கிளம்பி வந்திருக்கலாம். வரவில்லை. ஏன் வரவில்லை என்று எழுதிப் பார்த்தேன், நாலு பக்கம் வந்தது. படித்துப் பார்த்ததில் எல்லாமே சாக்காகத் தெரிந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய பெட்டி நேற்று அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அறுபத்திரண்டு தேனீக்கள். ஒன்றுக்குக்கூடச் சிறகு ஒடியவில்லை. அறுபத்தொன்று எனக்குத் தெரிந்தவைதான். கடைசி வரிசையில் தனியாக ஊசியில் குத்தியிருந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆகஸ்ட் ஏழாம் தேதிச் சீட்டோடு இருக்கிறதே, அது. உடம்பு பச்சை, வயிற்று நுனியில் செம்பு மினுக்கம். இந்தச் சாடையில் நம் பக்கத்தில் ஒன்று உண்டு. ஆனால் அதற்கு முகத்தில் இரண்டு கோடும் வெளிர்மஞ்சளாக இருக்கும். இதற்குச் செக்கச் சிவப்பு. இருபது வருஷமாக ஆர்க்கிட் தேனீக்களைப் பார்க்கிறேன், சிவந்த முகத்தை இதுவரை பார்த்ததில்லை.

இது புது இனம் என்றே நினைக்கிறேன். அப்படியானால் அண்ணன் பெயரை வைக்கப்போகிறேன். அவன் ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டான், நான் கொடுக்கவில்லை. உங்களுக்கும் அது தெரியும்.

ஈயை இழுக்க எந்த மரத்தில் பஞ்சு கட்டினான், அதில் என்ன தைலம், எத்தனை மணிக்கு வந்தது, வேறு எத்தனை வந்தன என்று எழுதி அனுப்புங்கள். விளக்கக் கட்டுரைக்கு வேண்டும்.

உங்கள்
ஓலாவோ


சாந்தா லூசியா, ஜுருவா ஆறு
11 நவம்பர் 1984

ஓலாவோ தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. எப்போதும்போல என் கையெழுத்துதான். சொல்வதற்குத்தான் இந்தத் தடவை ஆள் இல்லை.

கேட்டதற்குப் பதில். ஓடைக்கு அந்தப் பக்கம், பிரேசில் கொட்டை மரம். ஆள் உயரத்தில் கயிறு கட்டி மூன்று பஞ்சு. ஒன்றில் நீலகிரித் தைலம், ஒன்றில் வனிலா, ஒன்றில் கிராம்பு. இது கிராம்புக்கு வந்தது. காலை பத்து மணி இருக்கும். பத்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது, அதனால் அன்றைக்கு ஒன்றுதான். உள்ளே வந்ததும், "ஒண்ணுதான் டல்வீனா, மழை கெடுத்துருச்சு. ஆனா கொஞ்சம் வேற மாதிரி தெரியுது, தம்பி பாக்கட்டும்" என்றான். ஈ கிடந்த குப்பியை அலமாரியில் வைத்தான். மீனும் மரவள்ளி மாவும் போட்டுக் கொடுத்தேன். பாதி சாப்பிடும்போது மார்பைப் பிடித்தான். பெலார்மினோவின் படகைக் கூப்பிட ஆள் ஓடியது. படகு துறைக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

எல்லோரும் அழு அழு என்கிறார்கள். அழுகை வரவில்லை. காலையில் எழுந்திருக்கிறேன், கோழிக்குத் தீனி போடுகிறேன், துணி துவைக்கிறேன். கை தானாகச் செய்கிறது.

பெயர் வைக்கிறேன் என்கிறாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் வேடிக்கையாகக் கேட்டதற்கு நீ எழுதிய பதில் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. பிடிக்கிறவன் பெயரையெல்லாம் வைத்தால் வேட்டை நாய்க்கும் வைக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தாய். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அதை அவனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியவள் நான்.

டல்வீனா


குரிச்சிபா,
20 டிசம்பர் 1984

அன்புள்ள அண்ணிக்கு,

நாய் என்று எழுதினேன்தான். நகைச்சுவை என்று நினைத்து எழுதினேன். இங்கே மேசைக்கு மேசை அப்படித்தான் பேசிக்கொள்வோம். அதை நீங்கள் உரக்கப் படிக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்கிறேன், கேட்க வேண்டிய ஆள் இல்லாதபோது.

கட்டுரையை முடித்து அனுப்பிவிட்டேன். உங்களுக்குப் புரிகிற மாதிரி கொஞ்சம் எழுதுகிறேன்: ஆண் ஈ. நீளம் பன்னிரண்டரை மில்லிமீட்டர். நாக்கை மடக்கினால் பின்னுடல் நுனியைத் தாண்டும். நடுக்காலில் வெல்வெட்டுத் திட்டுக்கு மேலே இரண்டு மயிர்க் கொத்துகள். பின்னங்கால் பருத்து, வாசனை சேர்க்கும் பிளவு நீளமாக இருக்கிறது. முகத்தின் இரு பக்கமும் கண்ணோரக் கோடுகள் சிவப்பு. இந்த ஒன்றாலேயே உறவினங்கள் எல்லாவற்றிலிருந்தும் பிரித்துவிடலாம். பிடித்தவர் அனீசியோ. பெயர்க் காரணம்: பிடித்தவரின் நினைவாக.

கடைசி வரியை மட்டும் ஆறு தடவை அடித்து எழுதினேன், அண்ணி. நான் அப்படி உணர்ச்சிவசப்படுகிற ஆளில்லை.

ஒரு குறை இருக்கிறது. இந்த வகை ஈயில் முடிவான சாட்சி வெளியே தெரியாது. ஈயை ஈரத்தில் ஊறவைத்து, வளைத்த ஊசியால் பின்னுடலுக்குள்ளிருந்து ஆண் உறுப்பை இழுத்துப் பார்க்க வேண்டும். அண்ணிக்கு எழுதுகிற விஷயமில்லைதான். மாணவர்கள் யாராவது அதைச் செய்யாமல் புது இனம் என்று வந்து நின்றால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். இந்த ஈயை எடுத்து ஊசியைப் பக்கத்தில் கொண்டுபோனேன். மூன்று நாள் கொண்டுபோனேன். அண்ணன் கடைசியாகப் பிடித்தது. கிழிக்க முடியவில்லை. இருப்பது ஒன்றே ஒன்று, சிதைக்கக் கூடாது என்று கட்டுரையில் எழுதிவிட்டேன்.

ஓலாவோ


குரிச்சிபா,
2 மார்ச் 1985

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. மழைக்காலம், படகு தாமதமாகும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். படித்துப் பார்த்த பெரியவர்களில் ஒருவர் மட்டும், உள்ளுறுப்பைப் பார்க்காமல் நிறத்தை நம்பலாமா என்று முனகினார். பிடித்தவரை எனக்குத் தெரியும், இருபது வருஷத்தில் அவர் பெட்டியில் ஒரு பிழைகூட வந்ததில்லை என்று பதில் எழுதினேன். செப்டம்பர் இதழில் வருகிறது. அச்சில் அண்ணன் பெயரைப் பார்க்கப்போகிறீர்கள். இரண்டு வரியாவது எழுதுங்கள்.

ஓலாவோ


சாந்தா லூசியா
14 ஏப்ரல் 1985

ஓலாவோ தம்பிக்கு,

படகு தாமதமில்லை. எழுதாமல் இருந்தது நான்.

முதல் வருஷம் நீயே இங்கு வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாய், ஞாபகமிருக்கும். சயனைடு குப்பியில் ஈயைப் போட்டால் அன்றைக்கே எடுத்துக் குத்திவிட வேண்டும், கிடக்க விட்டால் மஞ்சளெல்லாம் சிவந்துபோகும் என்று. அனீசியோ ஒரு நாளும் கிடக்க விட்டதில்லை. ஜுரத்தில் படுத்திருந்தாலும், "குப்பியக் காலி பண்ணிட்டியா" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவான்.

அன்றைக்கு அவன் குப்பியை அலமாரியில் வைத்தான் என்று எழுதினேன் அல்லவா. அதை யாரும் தொடவில்லை. முதலில் அவனைக் குளிப்பாட்டினோம். அடக்கம் செய்தோம். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். என் அக்காள் வீட்டார் ஒரு வாரம் இருந்தார்கள். எல்லோரும் போன பிறகு பத்தொன்பதாம் தேதி மேசையைத் துடைத்தேன், அலமாரியைத் துடைத்தேன், குப்பியைப் பார்த்தேன். ஏழாம் தேதியிலிருந்து பத்தொன்பதாம் தேதி வரை. பன்னிரண்டு நாள்.

எடுத்துப் பார்த்ததும் முகம் சிவந்திருந்தது. எனக்கு அப்போதே தெரியும். குத்தினேன், சீட்டு எழுதினேன், பெட்டியில் வைத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. சீட்டில் பிடித்த தேதியை எழுதினேன், எடுத்த தேதியை எழுதவில்லை. அப்படி ஒரு தேதி எழுதும் வழக்கமே இல்லையே.

உன் முதல் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அவன் பெயர் என்று எழுதியிருந்தாய். நாமாக எதற்குக் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது அச்சாகப் போகிறது என்கிறாய். நாளைக்கு யாராவது சிவந்த முகத்தைத் தேடிக்கொண்டு இந்த ஆற்றில் வந்து இறங்குவார்கள். வருஷக்கணக்கில் தேடுவார்கள், கிடைக்காது. அனீசியோ புளுகினான் என்பார்கள்.

உறுப்பைப் பற்றி எழுத வெட்கப்பட வேண்டாம். நானும் இருபது வருஷமாக ஈ குத்துகிறவள்தான்.

டல்வீனா


குரிச்சிபா,
19 மே 1985

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துப் படித்தேன். கதவைச் சாத்திவிட்டு மறுபடி படித்தேன். இதை நவம்பரில் சொல்லியிருக்கக் கூடாதா? அப்போதே ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது. நானும்தான் மடையன். வேறு யார் பெட்டியாக இருந்தாலும் சிவப்பைப் பார்த்ததும் குப்பியைத்தான் முதலில் சந்தேகித்திருப்பேன். அண்ணன் பெட்டியில் அந்தத் தப்பு வராது என்று சத்தியம் செய்யாத குறை.

இனி நான் எழுதப்போவதை நீங்கள் படித்ததும் எரித்துவிட்டால் நல்லது. அந்தப் பன்னிரண்டு நாள் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பெயரிட்ட இனங்கள் இந்த அருங்காட்சியகத்திலேயே அலமாரி நிறைய இருக்கின்றன. ஐம்பது வருஷமாக இரண்டாவது கிடைக்கவில்லை, யாரும் யாரையும் புளுகன் என்று சொன்னதில்லை. அச்சாகட்டும், அண்ணி. திரும்பப் பெற்றால் என் பெயர் கெடும், அதைப் பொறுத்துக்கொள்வேன். அண்ணனுக்கு நான் கொடுக்க முடிந்தது இது ஒன்றுதான். இதையும் பிடுங்கிவிடாதீர்கள்.

ஜூலை கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்கு மேல் அச்சகத்தை நிறுத்த முடியாது.

ஓலாவோ


சாந்தா லூசியா
30 ஜூன் 1985

ஓலாவோ தம்பிக்கு,

உன் கடிதத்தை எரிக்கவில்லை. எனக்கு எரிக்கிற பழக்கம் இல்லை.

போன வாரம் ஓடையைத் தாண்டிப் போனேன். அவன் போன பிறகு இதுதான் முதல் தடவை. கிராம்புத் தைலம் புட்டியில் விரல்கடை அளவு மிச்சம் இருந்தது. அதே மரத்தில், அவன் கட்டிய கயிறு இற்றுப்போய்த் தொங்கியது, வேறு கட்டினேன். மூன்று நாள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பன்னிரண்டு வரை உட்கார்ந்தேன். நான் இத்தனை வருஷத்தில் வலை பிடித்ததே இல்லை. முதல் நாள் வந்ததையெல்லாம் கோட்டை விட்டேன். பெலார்மினோவின் பெண்டாட்டி மரவள்ளிக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டு, "ஈயப் புடிக்கிறியா, இல்ல ஈக்கு விசிறி வீசுறியா?" என்று கேட்டாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்து வைத்தேன்.

மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றையும் அரை மணியில் குப்பியிலிருந்து எடுத்துவிட்டேன். பச்சை உடம்பு, செம்பு நுனி, நீ எழுதிய அதே இரண்டு கொத்து. ஒன்பதுக்கும் முகம் வெளிர்மஞ்சள். பெட்டி இந்தக் கடிதத்தோடு வருகிறது. பெலார்மினோ நகரம் வரை போய் விமானத்தில் ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறான், ஜூலைக்குள் வந்துவிடும்.

இவற்றைக் கிழித்துப் பார். இவை அனீசியோ பிடித்தவை இல்லை, உன்னால் முடியும். பிறகு அவனுடையதையும் கிழி. பழைய இனம் என்றால் கட்டுரையைத் திரும்ப வாங்கு. அவன் அனுப்பியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பொய் ஒன்றின் மேல் அவன் பெயர் உட்கார வேண்டாம்.

மரத்தடியில் அந்த மூன்று நாளும் எனக்கு ஏதாவது வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. ஈ வந்தது, பிடித்தேன்.

டல்வீனா


குரிச்சிபா,
12 ஆகஸ்ட் 1985

அன்புள்ள அண்ணிக்கு,

பெட்டி ஜூலை இருபத்தைந்தாம் தேதி வந்தது. அன்றைக்கே அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கட்டுரையை நிறுத்தினேன். என்ன காரணம் என்று கேட்டார்கள். என் தவறு என்றேன். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை.

பிறகு உட்கார்ந்தேன். உங்கள் ஒன்பதில் ஆறை ஊறவைத்து இழுத்துப் பார்த்தேன். பக்கத்தில் பழைய இனத்தின் மாதிரியையும் வைத்துக்கொண்டேன். பழையதில் அந்த உறுப்பின் ஓரத்து மடல் குட்டையாக, வட்டமாக இருக்கும். உங்களுடைய ஆறிலும் அது நீண்டு, நுனியில் கொக்கியாக வளைந்திருந்தது. நம்பாமல் என் சக ஊழியரைக் கூப்பிட்டேன், பெயர் சொல்லாமல் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இது எங்கிருந்து வந்துச்சு? நம்ம கிட்ட இல்லையே" என்றார்.

அதற்குப் பிறகுதான் அண்ணனுடையதை எடுத்தேன். இந்தத் தடவை மூன்று நாள் ஆகவில்லை. அதே மடல், அதே கொக்கி.

புது இனம்தான், அண்ணி. சிவப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வேற மாதிரி தெரியுது என்று அண்ணன் உங்களிடம் சொன்னானே, ஈ உயிரோடு இருந்தபோது பார்த்துச் சொன்னது அது. முகம் சிவக்கும் முன்னால் அவனுக்கு என்ன தெரிந்தது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், வெளியில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கட்டுரையை முழுக்கத் திருப்பி எழுதினேன். இனத்துக்கு ஆதாரமாக வைக்கும் முதல் மாதிரி, நிறம் கெடாததாக இருக்க வேண்டும். ஆகவே அது உங்கள் ஒன்பதில் ஒன்று. முதல் மாதிரிக்கென்று குத்தும் சிவப்புச் சீட்டில் பிடித்தவர் டல்வீனா என்று இருக்கிறது. அண்ணனுடையது துணை மாதிரிகளில் வருகிறது. பெயர் மட்டும் அவனுடையதே. டிசம்பரில் அச்சாகும். நீங்கள் வேண்டாம் என்றால் மாற்றுகிறேன்.

கடைசியாக ஒன்று. அந்த நாய்க் கடிதத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் அவன் பெட்டி மட்டும் அனுப்பினான், ஒரு வரிகூட எழுதச் சொல்லவில்லை. அவன் கோபம் நியாயம் என்று நினைத்து நானும் காலிப் பெட்டியை மட்டும் திருப்பி அனுப்பினேன். இந்தப் பெயரோடு அந்தக் கோபம் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாமா? உங்களைத் தவிர எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

உங்கள்
ஓலாவோ


சாந்தா லூசியா
22 செப்டம்பர் 1985

ஓலாவோ தம்பிக்கு,

அவன் பெயரே இருக்கட்டும். மாற்ற வேண்டாம். சீட்டில் என் பெயர் என்று எழுதியிருந்ததைப் பெலார்மினோவின் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

அவன் கோபம் தீர்ந்ததா என்று கேட்கிறாய். பதில் சொல்கிறேன், அதற்குப் பிறகு நீ என்னை என்ன நினைத்தாலும் சரி.

அவனுக்குக் கோபமே இல்லை. நாய் என்று நான் படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தான். "நல்லா மோப்பம் புடிக்கிற நாயின்னு எழுது அவனுக்கு" என்றான். நான்தான் எழுத மாட்டேன் என்றேன். என் கை எழுதினால்தான் அவனுக்குக் கடிதம், எனக்குத் தெரியும். மறுபடி சொன்னான், மறுபடி மாட்டேன் என்றேன். ஒவ்வொரு பெட்டி போகும்போதும், "ரெண்டு வரி போடேன் டல்வீனா" என்பான். சீட்டு எழுதுவேன், கடிதம் எழுத மாட்டேன். உனக்கு உறைக்கட்டும் என்று நினைத்தேன். உனக்கு உறைத்ததோ என்னவோ, அவன்தான் காத்திருந்தான்.

காலிப் பெட்டி திரும்பி வரும் படகுக்குத் துறையில் போய் நிற்பான். வீட்டுக்குக் கொண்டுவந்து நீ வைத்திருக்கும் பஞ்சைப் பிரிப்பான், உள்ளே திணித்த செய்தித்தாளை ஒவ்வொன்றாக உதறுவான். அவனுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் எழுத்து இருக்கிற துண்டு எதைப் பார்த்தாலும் என்னிடம் கொண்டுவந்து, "இது தம்பி எழுதினதா பாரு" என்பான். ஒரு தடவை மருந்துக்கடை விளம்பரத்தைக் கொண்டுவந்தான். இல்லை என்றேன். "சரி, வேலையா இருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பஞ்சை எடுத்து அடுக்கினான். அப்போதாவது நான் ஒரு தாளை எடுத்திருக்கலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. பதின்மூன்று மாதம் கழித்து. பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் துடைக்கவில்லை. இந்தத் தாளில் ஈரம் பட்ட இடம் தெரிந்தால் அது மழை இல்லை.

கிராம்புத் தைலம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் ஏறுமுன் இன்னும் ஒரு மாதம் ஈ வரும். காலிப் பெட்டியில் ஒரு புட்டி தைலம் வைத்து அனுப்பு. உள்ளே உன் கையால் கடிதம் எழுதிப் போடு. துறைக்கு நான் போகிறேன்.

டல்வீனா